மாதக் கடைசி எல்லாச் சரக்குக்கும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனைப் பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பேசத் தெரிந்தவன் எதையும் விற்றுவிடுவான் என்கிறார் கட்டுரையாளர். மருந்து, சோப்பு, பேரிங், விதை என்று நாலு துறையில் ஏரியா பார்த்தவன் நான். பேச்சு என்னைக் கைவிட்டதில்லை. ஒவ்வொரு துறையிலும் என் காலை வாரியது காலண்டர்தான்.

மருந்துக் கம்பெனியில் இருந்தபோது டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். அவர் எதையும் வாங்குவதில்லை, எழுதுகிறார். வாங்குவது நோயாளி, விற்பது மருந்துக்கடை, ஆர்டர் போடுவது ஸ்டாக்கிஸ்ட், அதாவது கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி. நான் யாரிடம் பேசினேனோ அவரிடமிருந்து ஒரு பைசா ஆர்டர் வராது. பேசியது பலித்ததா என்பது சில மாதம் கழித்து, கடைக்காரர் 'இப்ப உங்க மருந்து ஓடுது சார்' என்று சொல்லும்போதுதான் தெரியும்.

அங்கிருந்து சோப்புக்குப் போனேன். அது வேறு உலகம். ஒரு நாளைக்கு நாற்பது கடை. பொறுமையாக உட்காரும் பழக்கத்தோடு போனவன் முதல் வாரம் பாதி பீட்டைக்கூட (அன்றைக்குச் சுற்ற வேண்டிய கடை வரிசை) முடிக்கவில்லை. அங்கே பேச்சுக்கே வேலை குறைவு. ஷெல்ஃபில் பழைய சரக்கை முன்னே இழுத்துவிட்டு, எத்தனை பாக்கி என்று எண்ணி, ஆர்டரைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

பத்துக் கடையைச் சுற்றிவர 36,28,800 வரிசைகள் உண்டு. மிகக் குறைந்த தூரம் எது என்று கண்டுபிடிப்பதைக் கணிதக்காரர்கள் 'பயண விற்பனையாளர் கணக்கு' என்றே சொல்கிறார்கள். 1954இல் 49 ஊர்களுக்கு மூன்று பேர் விடை கண்டதைப் பெரிய சாதனை என்பார்கள். எங்கள் கணக்கில் தூரம் கடைசிதான். முதலாளி எத்தனை மணிக்குக் கல்லாவில் உட்காருவார், எந்தக் கிழமை பணம் தருவார், மகன் இருக்கும்போது போகலாமா கூடாதா என்பதுதான் எங்கள் வழியைத் தீர்மானிக்கும். அதற்கு இன்னும் யாரும் சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை.

பேரிங் விற்கப் போனபோது 6205 என்ற எண்ணை வைத்துக்கொண்டு முழித்தேன். ஒரு ஆலையின் மெயின்டனன்ஸ் மேற்பார்வையாளர் கிரீஸ் கையோடு அதை வாங்கிப் பார்த்து, 'கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்குங்க சார், அதுதான் ஷாஃப்ட் சைஸ்' என்றார். பேரிங்குக்குள் சுழலும் தண்டு ஐந்தைந்து இருபத்தைந்து மில்லிமீட்டர். (நாலுக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது என்பதை வேறொரு ஆலையில் அசடு வழிந்து தெரிந்துகொண்டேன்.) அந்த மனிதருக்கு வாங்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் எந்த இயந்திரம் எப்போது உட்காரும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் நாள் வரும்வரை பர்ச்சேஸ் மேனேஜரிடம் எவ்வளவு பேசினாலும், 'கொட்டேஷன் கொடுத்துட்டுப் போங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

விதையோ இன்னும் மோசம். பருவத்துக்கு முன்பே டீலர் கடையில் சரக்கு இருந்தாக வேண்டும். மழை தள்ளிப்போனால் மூட்டை அப்படியே கிடக்கும். பருவம் முடிந்து மிச்சம் திரும்பி வந்த பிறகுதான் உண்மையில் எவ்வளவு விற்றோம் என்று தெரியும். முளைப்புத்திறன் குறைந்த விதையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிடவும் முடியாது.

சங்கடம் எங்கே என்றால், இந்த நாலு வேலையிலும் டார்கெட் ஒன்றுபோல மாதக் கடைசியில்தான் முடிந்தது. கம்பெனி கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறி பில் விழுந்தால் அது விற்பனை. வாடிக்கையாளர் கைக்குப் போனதா என்பது வேறு கணக்கு.

ஒரு மாதக் கடைசி ராத்திரி மறக்காது. மேலிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன். ஸ்டாக்கிஸ்ட் என்னைக் குடோனுக்குக் கூட்டிப் போய் விளக்கைப் போட்டார். சோப்புப் பெட்டிகள் மின்விசிறி வரை. நடக்கிற வழியிலும் பெட்டி. 'தம்பி, நீங்களே இடம் காட்டுங்க, இறக்கிக்கறேன்' என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. வெட்கத்தை விட்டு இன்னும் அறுபது பெட்டிக்கு பில் போட வைத்தேன். டார்கெட் முடிந்தது, பாராட்டும் வந்தது. அடுத்த மாதம் பதினைந்து தேதி வரை அவர் ஒரு பெட்டி வாங்கவில்லை. செக் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னார். நனைந்து நசுங்கிய பெட்டிகளுக்கான டேமேஜ் கிளெய்மை முடித்துக் கொடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இது என் ஏரியாவின் கதை மட்டுமல்ல. குழந்தைகள் டயப்பரை ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. ஆனால் தங்களுக்கு வரும் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்குவதை பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தாரே கவனித்து, அதைச் சாட்டை வீச்சுக்கு ஒப்பிட்டார்கள். பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு. மாதக் கடைசித் திணிப்பும் ஸ்கீம் என்ற சலுகையும் அந்த வீச்சைக் கூட்டுகின்றன.

டார்கெட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டார்கெட் இல்லாவிட்டால் நானே மதியத்துக்கு மேல் கடை ஏறமாட்டேன். விதைக்குப் பருவக் கணக்கில், பேரிங்குக்கு ஆலை நிறுத்தக் கணக்கில், சோப்புக்கு ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போன கணக்கில் எங்களை அளக்கலாமே. கடைக்குப் போகும் ஒவ்வொரு பில்லும் எங்கள் போனிலேயே இருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

கட்டுரையாளர் அடுத்து எழுதுமுன் பேச்சாளர்களை விட்டுவிட்டு ஏதாவது ஒரு ஸ்டாக்கிஸ்டின் குடோனுக்கு மாதம் ஒன்றாம் தேதி காலையில் ஒரு நடை போய்வந்தால் நல்லது. உள்ளே நிற்க இடம் கிடைக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஒரு மண்டல விற்பனைப் பிரதிநிதி
(பெயர் போட வேண்டாம். இந்த மாத டார்கெட் இன்னும் பாக்கி.)