காய்களை எண்ணினால் மகசூல் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் அதிகம் காய்க்கும் தக்காளி ரகங்களை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. அட்டவணைதான் உறுத்துகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரே ‘செடிக்கு இத்தனை காய்’ என்று போட்டு, அதே வரிசையில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டமும் கொடுத்திருக்கிறீர்கள். காய்களை எண்ணித்தான் தீர்ப்பு என்றால் குட்டிக் குட்டியாகக் காய்க்கும் செர்ரி தக்காளி எப்போதும் ஜெயிக்கும். அதற்கு ஒரு போட்டி எதற்கு?

ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பசுமைக்குடிலில், 2005 மே முதல் 2006 ஏப்ரல் வரை ஒரே தக்காளிச் செடி 32,194 பழங்கள் கொடுத்துக் கின்னஸில் இடம்பிடித்தது. எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். மொத்த எடை சுமார் 522 கிலோ. வகுத்துப் பாருங்கள், பழம் ஒன்றுக்கு 16 கிராம்தான் வருகிறது. முந்நூறு கிராம் தாண்டும் பீஃப்ஸ்டீக் பழம் ஒன்றுக்கு இதில் இருபது பழம் வைத்தாலும் ஈடாகுமா என்பது சந்தேகம். உங்கள் அட்டவணையிலோ இரண்டும் ஆளுக்கு ஒரு ‘காய்’.

அப்படியானால் எடை போட்டால் போதுமா? பறித்த எடை வேறு, பயன்பட்ட எடை வேறு. பெரிய பழத்தில் காய்ப்புழு ஒரே ஓட்டை போட்டாலும் பாதிப் பழத்தை அரிந்து எறிய வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் காம்பைச் சுற்றி வளையம் வளையமாக வெடித்து, அந்த வெடிப்பில் பூஞ்சை ஏறிவிடுகிறது. சன்கோல்டு என்ற செர்ரி ரகமும் மழைக்கு வெடிப்பதில் பேர்போனதுதான். ஆனால் அங்கே ஒரு பழம் போனால் போவது சில கிராம். ரோமா போன்ற நீளவாக்குப் பழங்களுக்கு வேறு தொல்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகத் தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராது; அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்கிவிடும். முதல் கொத்துக் காய்கள்தான் இதில் அதிகம் போகும். இந்தக் கழிவுக்கெல்லாம் அட்டவணையில் இடமே இல்லை.

கட்டுரையின் பெரிய குறை, குட்டை வகையையும் கொடி வகையையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான். 1914இல் ஃப்ளோரிடாவில் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றத்திலிருந்து வந்தவை குட்டை வகைகள். ஓர் உயரத்துக்கு மேல் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும். சில வாரங்களுக்குள் மொத்தக் காய்ப்பும் தீரும். கொடி வகையின் நுனி ஓயாது. நோயோ பனியோ வந்து மடிக்கும்வரை, மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று போய்க்கொண்டே இருக்கும். ரோமா குட்டை, சான் மர்சானோ கொடி. பழங்கள் அண்ணன் தம்பிபோல் இருக்கின்றன என்பதற்காக இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ‘சான் மர்சானோ அதிகம் தருகிறது’ என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? குட்டைச் செடியை அரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் நான்கு நிற்கும். பக்கக் கிளைகளைக் கிள்ளாமல் விட்ட கொடிக்கு 90 சென்டிமீட்டராவது வேண்டும். அதே இடத்தில் ஒன்றேகால் செடிதான். குட்டை செடிக்கு இரண்டு கிலோ, கொடி செடிக்கு ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டாலும் சதுர மீட்டருக்கு எட்டு கிலோவும் ஆறு கிலோவும் ஆகிறது. வரிசை அப்படியே தலைகீழ்! போதாததற்கு, குட்டை வகை காய்த்து முடித்த இடத்தில் அடுத்த விதைப்பையும் தொடங்கிவிடலாம்.

‘பக்கக் கிளைகளைக் கிள்ளினால் மகசூல் குறையும்’ என்ற வரியும் அரைகுறைதான். செடிக்குக் குறையும், இடத்துக்குக் குறைய வேண்டியதில்லை. இலைக்காம்பும் தண்டும் சேரும் கவட்டில் விரல் நீளத்துக்கு முளை வரும்போதே ஒடித்து, ஒற்றைத் தண்டாகக் கம்பில் கட்டி ஏற்றினால் கொடி வகையையும் நெருக்கி நடலாம். அந்த வேலை செய்பவர்களின் விரல்களில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பிசுக்கு ஏறிக் கறுத்து, சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. குட்டை வகையில் மட்டும் இந்தக் கையை வைக்காதீர்கள். காய்க்க வேண்டிய கிளைகளே போய்விடும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது வியப்பு. பகல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியும் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் நீடித்தால் மகரந்தம் கெட்டுப்போகிறது. பூக்காம்பின் நடுவில் ஒரு சிறு கணு இருக்கும். அது மஞ்சளாகும், மறுநாள் பூ கீழே கிடக்கும். பிராண்டிவைன் போன்ற பெரிய பழ ரகங்கள் அப்போது இலையும் தழையுமாக நிற்கும். செர்ரி வகைகளில் பல அந்த வெப்பத்திலும் ஓரளவு காய் பிடிக்கும். ஆக, ஒரு பருவத்தின் வெற்றி ரகம் அடுத்த பருவத்திலும் அப்படியே நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நோய் எதிர்ப்பும் அப்படித்தான். விதை உறையில் அச்சிடும் வி, எஃப், என், டி என்ற எழுத்துகள் இரண்டு வகை வாடல் நோய்களையும், வேர்முடிச்சு நூற்புழுவையும், புகையிலைத் தேமல் வைரஸையும் தாங்கும் திறனைக் குறிப்பவை. நூற்புழு உள்ள மண்ணில் ‘என்’ எழுத்து இல்லாத உயர்மகசூல் ரகம் எதற்கும் உதவாது. மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பும் தளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சன்கோல்டிலிருந்து விதை எடுத்து வைக்கும்படி வேறு கட்டுரை அறிவுரை சொல்கிறது. அது வீரிய ஒட்டு ரகம். அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

என்னைக் கேட்டால், இடம் குறைந்தவர்களுக்கு ஒரு செர்ரி கொடியும், சில வார இடைவெளி விட்டு நட்ட குட்டைச் செடிகளும் போதும். பீஃப்ஸ்டீக்கை ருசிக்காக வளர்க்கலாம், மகசூலுக்காக வேண்டாம். அடுத்த முறை அட்டவணை போடும்போது காய் எண்ணிக்கையை எடுத்துவிட்டு, நடவு இடைவெளி, முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, சதுர மீட்டருக்குப் பயன்பட்ட எடை ஆகியவற்றைத் தாருங்கள். குட்டைக்கு ஒன்று, கொடிக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணைகளாகவே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்