கனடாவின் ஒன்ராறியோவில், பவ்மன்வில் ஓடையில் சண்டை பிடித்த மகனுக்கு

தம்பி,

போனில் சொன்னால் பாதியிலேயே "உங்களுக்குத் தெரியாது அப்பா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை பவ்மன்வில் ஓடையில் நீ எடுத்த வீடியோவை அம்மா காட்டினா. ஈயம் கட்டிய தூண்டிலோடு நிற்கிற மனிசனை நீ ஏசுகிறாய், சரி, பிழை அவருடையதுதான். ஆனால் அவருக்குப் பின்னால் நீலத் தொப்பி போட்ட ஒருவர் மூன்று முனைக் கொழுக்கியோடு தடியைப் பக்கவாட்டில் வெட்டி வெட்டி இழுக்கிறாரே, அவரைக் கண்டாயா? மீனின் வயிற்றிலும் முதுகிலும் கொழுவி இழுக்கிற சட்டவிரோத வேலை அது. அவர் உன் நூலில் முட்டவில்லை, அதனால் உன் கண்ணில் படவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் சினூக் சால்மன் மீன் முட்டையிட ஏரியிலிருந்து ஓடையில் ஏறத் தொடங்கினால் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். எல்லாரும் மிதவை போட்டு நீரோட்டத்தோடு விடுகிற இடத்தில் ஒருவர் ஈயத்தை அடியில் போட்டுவிட்டு நின்றால் மேலேயிருந்து வருகிற நூல் அத்தனையும் அதில் போய்ச் சிக்கும், யாருக்கும் எரிச்சல் வரும். பக்கத்தில் ஒருவருக்கு மீன் கொழுவினால் மற்றவர்கள் தங்கள் நூலைச் சுற்றி எடுக்கவேண்டும் என்பதும் இப்படியான வழக்கம்தான். முதல்முறை வருகிறவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? சிரித்த முகத்தோடு ஒருதரம் சொல்லு, பெரும்பாலும் கேட்பார்கள். சொல்லியும் வேணுமென்றே உன் நூலுக்கு மேலே எறிகிறவனோடு மல்லுக்கட்டாமல் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏரிப்பக்கம் நட.

நீலத் தொப்பிக்காரரிடம் நீ ஒன்றுமே கதைக்கவேண்டாம். 1-877-847-7667, இயற்கை வள அமைச்சின் இலக்கம், போனில் பதிந்து வை. எந்த இடம், எத்தனை மணி, என்ன உடுப்பு, எத்தனை பேர், வாகன இலக்கத் தகடு தெரிந்தால் அதுவும், இவ்வளவையும் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். உடனே ஆள் வராமல் போகலாம், வராவிட்டாலும் தகவலாவது போயிருக்கும். நீயே பொலிஸ் வேலை பார்க்க வெளிக்கிட்டால் கரையில் எல்லாரிடமும் கத்தி இருக்கிறது என்பதை யோசி. அதைவிட, ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முறைப்படி மீன் பிடிக்கிறவருக்கு இடையூறு செய்வதே குற்றம். ஈயக்காரர் நினைத்தால் உன்மேல் முறைப்பாடு செய்திருக்கலாம்!

முட்டையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மீனைப் பற்றைக்குள் எறிகிறவர்களையும் அப்படித்தான், கண்டால் சொல்லு. எங்கட ஆட்களும் இதைச் செய்கிறார்கள், தமிழன் என்று பார்த்து விடாதே. "எப்படியும் சாகிற மீன்தானே" என்பார்கள். சினூக் முட்டையிட்ட பிறகுதான் சாகும், வயிறு நிறைய முட்டையோடு ஏறுகிறதைக் கிழித்துவிட்டு இது என்ன நியாயம்? மீன் அழியாது என்று நினைக்காதே, ஒன்ராறியோ ஏரியில் தானாகவே இருந்த அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துபோனது. அணை, காடழிப்பு, அளவில்லாத பிடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இப்போது ஏறுகிற சினூக் பசிபிக் பக்கத்து இனம், 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டார்கள்.

அப்புறம், அதிகாரி வந்தால் உன்னுடைய லைசென்சையும் கேட்பார், காரில் விட்டுவிட்டுப் போகாதே. அணையடியில் மீன்ஏணியின் (மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய வழி) வாசலிலிருந்து கீழே ஏறத்தாழ 23 மீட்டருக்குள் தூண்டில் போடக்கூடாது. வாய் தவிர வேறு எங்கே கொழுவினாலும், தற்செயலாக என்றாலும், உடனே திருப்பி விடவேண்டும்.

அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் போட்டிருந்தால் எடுத்துவிடு. ஈயக்காரருக்குப் பக்கத்தில் சின்னப் பெடியன் ஒருவன் வாளியோடு நிற்கிறான், முகம் தெளிவாகத் தெரிகிறது.

அப்பா