உள்ளங்கையால் மூடிய பக்கம்

அக்கா,

'ரெட் குவீன்' நாவலுக்கு நான் எழுதிய அந்த மதிப்புரையை நேற்று ராத்திரி நீக்கிவிட்டேன். எழுதி இன்றோடு மூன்று வருடம். அதற்குப் பிறகு நமக்குள் நடந்தது உனக்குத் தெரியும். நம் இருவரையும் அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். அதனால் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ('ரெட் குவீன்' படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.)

"இளவரசன் மேவன் துரோகி என்பது பாதிக் கதையிலேயே புரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். பொய். அது பொய் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி அத்தியாயங்களை நான் சத்தமாக வாசித்தேன். நீ முன்பே முடித்திருந்தாய். என் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, என் கண் முந்தி ஓடிவிடக் கூடாதென்று வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடியிருந்தாய். இடப்பக்கம் முடிந்ததும் கையை எடுப்பாய். தாளைத் திருப்பியதும் மறுபடி மூடுவாய். மேவனின் அம்மா ராணி எலாரா, மேவனின் அண்ணன் கேலின் மனதுக்குள் புகுந்து அவன் கையாலேயே அவன் அப்பாவான அரசரை வெட்டவைக்கும் இடத்தில் எனக்குக் குரல் நடுங்கியது. மேவன் தொடக்கத்திலிருந்தே அம்மாவோடு சேர்ந்தவன் என்று தெரிந்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "இவனையா நம்பினேன்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "நானும்தான்" என்றாய். அப்புறம் நீ அழுதாய். ஏன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்படியிருந்தும் ஏன் பொய் சொன்னேன்? அரண்மனை, கிரீடம், இரண்டு இளவரசர்களுக்கு நடுவில் ஒரு சாதாரணப் பெண் என்றாலே "எல்லாம் ஒரே கதை" என்று ஒதுக்கும் வாசகர்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஏமாந்தவளாக நிற்க வெட்கமாக இருந்தது. இரண்டு நட்சத்திரம் போட்டேன். அதை ரசித்தவர்களையும் சேர்த்துக் கேலி செய்தேன். அது உன்னைத்தான்.

இப்போது மறுபடி படித்தேன். விக்டோரியா அவெயார்டின் முதல் நாவல் அது, 2015இல் வந்தது. நாயகி மேர் தன் வாயாலேயே கதை சொல்கிறாள், அதுவும் நிகழ்காலத்தில். அவள் பார்ப்பதுதான் நமக்கும் தெரியும். அவளே பொய்ப் பெயரில் அரண்மனைக்குள் வாழ்கிறவள், அதனால் தன் பொய்யைக் காப்பதிலேயே கவனமாக இருந்து பக்கத்தில் இருப்பவனின் பொய்யைத் தவறவிடுகிறாள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யலாம் என்று அவளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஜூலியன் அவளை நேராகவே எச்சரிக்கிறார். அந்த வரியைத் தாண்டித்தான் நானும் போனேன். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது.

இதை நீ அன்றே சொன்னாய். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றும் சண்டை போடுகிறோமே, அரசுரிமைச் சண்டை அங்கே இலக்கியம், இங்கே மட்டும் சின்னப்பிள்ளை விஷயமா என்று கேட்டாய். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நடுவில் வரும் பயிற்சிப் பக்கங்கள் இழுக்கின்றன என்று என்னிடம் சொன்னவள் நீ. ஐந்து நட்சத்திரம் போட்ட உன் மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கேட்டதற்கு எல்லார் முன்னாலும் என்னை "மேதாவி" என்றாய். நான் சொன்ன பொய் பெரிது, சரி. நீ மறைத்ததும் பொய்தானே?

அடுத்த வருடம் கெண்டாரே பிளேக்கின் 'த்ரீ டார்க் கிரௌன்ஸ்' அனுப்பினேன். மூன்று சகோதரிகளில் இருவர் செத்தால்தான் ஒருத்தி ராணி. அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டாய். எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? கொலையைப் படிக்கச் சொல்லி அனுப்பவில்லை அக்கா. அந்த மூவரில் ஒருத்தியான மிராபெல்லாவுக்காக அனுப்பினேன்.

புது மதிப்புரை எழுதிவிட்டேன். மூன்றரை நட்சத்திரம். உனக்காகக்கூட அதற்குமேல் ஏற்ற மாட்டேன். ஏமாந்தேன் என்பது அதன் முதல் வரி. யாரிடம் என்ற பெயரை மட்டும் இந்த முறை சொல்லவில்லை.

திரும்பி வந்த புத்தகத்தில் நீ வைத்த அடையாளச் சீட்டு முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது, இன்னொரு சகோதரி கேத்தரின் விஷம் சாப்பிடும் விருந்தில். மிராபெல்லா வரும் வரைக்கும் நீ போகவே இல்லை. அவள் எதை மறக்காமல் வைத்திருக்கிறாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். வா. இந்த முறை நீ வாசி, வலப்பக்கத்தை நான் மூடிக்கொள்கிறேன்.

உன் தங்கை