ஓட்டுக் கேட்காத கவுன்சிலர்கள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு, மலேசியா

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் முட்டிவலி தேவலையா? "அந்த ஊரில் கவுன்சிலருக்கு என்ன மரியாதை?" என்று போனில் கேட்டீர்கள். கடையில் கூட்டம், பேச முடியவில்லை. நாகப்பட்டினத்தில் வார்டுக்கு நின்று வீடு வீடாக ஏறி இறங்கியவர் நீங்கள். உங்களுக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே கவுன்சிலருக்குத் தேர்தலே கிடையாது மாமா! மாநில அரசு பார்த்து நியமிப்பதுதான். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் மேயர் ஒருவர், கவுன்சிலர்கள் 24 பேர். ஆளுங்கட்சிகள் இடங்களைப் பிரித்துக்கொள்கின்றன. வார்டும் இல்லை, டெபாசிட் போகும் பயமும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது இந்த ஊரில்தான். 1957 ஜனவரி 1 அன்று மாநகரானது. அடுத்த வருஷமே நம்மவர் டி.எஸ். ராமநாதன் மேயராக உட்கார்ந்தார். அவர் பேரில் இங்கே ஒரு சாலையே இருக்கிறது. பிறகு இந்தோனேசியாவுடன் தகராறு வந்தபோது, 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். தகராறு தீர்ந்தது, தேர்தல் மட்டும் திரும்பவில்லை. உள்ளாட்சியைப் பற்றி ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் போட்டார்கள். தேர்தல் வேண்டும் என்றுதான் அது சொன்னது. அரசு கேட்கவில்லை. 1976-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் கதவையே சாத்திவிட்டது. 2012-இல் பினாங்கு சட்டமன்றம் தானே தேர்தல் நடத்த ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம், அதாவது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், அது செல்லாது என்றது.

கட்டடங்களைப் பார்த்தால் இந்தக் கதை எதுவும் தெரியாது. கடற்கரைத் திடல் ஓரம் டவுன் ஹால், சிட்டி ஹால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வெளிர் மஞ்சளில் இருப்பது 1880-இல் கட்டிய டவுன் ஹால். வெள்ளைக்காரர்கள் கூடிக் களித்த இடம். வெள்ளை வெளேரென்று தூண்களோடு நிற்பது 1903-இல் வந்த சிட்டி ஹால். சாயங்காலம் அதற்கு முன்னால் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வரி, லைசென்ஸ் என்று போகிறவர்களுக்கு மன்ற அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் என்ற உயரக் கட்டடம்தான்.

ஓட்டில்லாவிட்டாலும் மன்றத்தின் கை எங்கும் நீளும். எங்கள் சாப்பாட்டுக் கடைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸும் கிரேடு அட்டையும் தொங்குகின்றன. சுத்தம் பார்த்து ஏ, பி, சி என்று போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் எனக்கு டைபாய்டு ஊசி போட்டு, உணவைக் கையாளும் வகுப்புக்கும் அனுப்பிய பிறகுதான் முதலாளி பரோட்டாக் கல்லைத் தொட விட்டார். சோதனைக்கு ஆள் வருகிறது என்றால் தலைத்தொப்பி, ஏப்ரன் எல்லாம் பறந்து வரும். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாக்கடை அடைத்தால் நம் தெருவில் உங்கள் வாசலில் வந்து சத்தம் போடுவார்களே, அந்த உரிமை இங்கே இல்லை. புகார் எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். "அடுத்த தடவை ஓட்டு இல்லை" என்று மிரட்ட முடியாது. முதலாளி இதே ஊரில் பிறந்தவர், ஐம்பது தாண்டிவிட்டது. கவுன்சிலர் தேர்தலில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. "வேலை நடக்குதே, போதாதா?" என்கிறார். எனக்குப் போதவில்லை. வேலை பார்க்க வந்த ஆள், வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

வீட்டு வரிக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். கட்டியதும் ரசீதைத் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அத்தையை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

உங்கள் மருமகன்,
செந்தில்