ஆமைக்கு இனி மரத்தூள் தரமாட்டோம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே,

வணக்கம். போன வாரம் ஆமைப் பெட்டிக்கு மரத்தூள் கேட்டு வந்த மூன்று பேரை வெறுங்கையோடு அனுப்பினோம். "இத்தனை வருஷமா சும்மாவே கொடுத்தீங்களே அண்ணே, இப்ப என்ன?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொடுத்தது எங்கள் தவறுதான்; அது ரப்பர் மரப் பலகையை இழைத்த தூள்.

ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் அறுத்த கையோடு பலகையில் போரான் மருந்தை ஏற்றிவிடுவார்கள். நாற்காலிக்கு அது சரி. அதே பலகையை இழைத்த தூளில் நாள் முழுக்க ஊர்ந்து, கீரையோடு சேர்த்து அதையும் விழுங்கும் ஆமைக்குச் சரியில்லை. மருந்தில்லாத தூளென்றாலும் தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். ஹேம்ஸ்டருக்கு விற்கும் பைன் சீவலும் வேண்டாம்; வாசனையாக இருக்கிறதே, அந்த எண்ணெய்தான் நுரையீரலுக்கு ஆகாது. வெறும் மணல் குடலை அடைக்கும்.

"தோட்டத்து மண் இருக்கே" என்பீர்கள். செம்பனைக்கு அடியில் களைக்கு மருந்தடிக்காத இடம் எது என்று உங்களுக்குத் தெரியுமா? பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் 2020-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றன. நர்சரி கருமண்ணில் உரம் கலந்திருக்கும்.

நாங்கள் இப்போது கொடுப்பது தேங்காய் நார்த்தூள் கட்டி. பக்கட்டில் ஊறவைத்து, ஒருமுறை அலசி உப்பை வடித்துவிடுங்கள். ஈரப்பதம் புட்டு மாவு மாதிரி இருக்கட்டும்: பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. குட்டி ஆமை உடம்பைப் புதைத்துக்கொள்ளும் ஆழத்துக்குப் பரப்புங்கள். மேலே காய்ந்த கொய்யா இலை கொஞ்சம் போட்டால் அதற்குக் கொண்டாட்டம். கீரையை மட்டும் தட்டையான டைல் ஓட்டின் மேல் வையுங்கள்.

சுல்காத்தா வளர்ப்பவர்கள் இங்கேதான் சண்டைக்கு வருவார்கள். "அது ஆப்பிரிக்காவின் வறண்ட நாட்டு ஆமை, ஈரம் எதுக்கு?" அந்த வறண்ட நாட்டிலும் அது வளை தோண்டி, ஈரமண்ணுக்குள்தான் வெயிலைக் கழிக்கிறது. சுல்காத்தா குட்டிகளை வைத்து நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஓடு கூம்பு கூம்பாக மேடுதட்டக் காற்றின் வறட்சியே பெரிய காரணமாகத் தெரிந்தது. புரதத்தின் பங்கு சொற்பம். வெளியே மழை கொட்டினாலும், பல்பு எரியும் பெட்டிக்குள் காய்ந்துதான் கிடக்கும்.

அதற்காகச் சேறாக்கிவிடாதீர்கள், அடி ஓடு அழுகும். எச்சத்தை அன்றன்றே அள்ளுங்கள். புளித்த வாடை வந்தால் முழுவதையும் மாற்றுங்கள்.

கட்டியை ஊறவைக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை காலையில் ஒரு பக்கட்டோடு வாருங்கள், கடை வாசலிலேயே செய்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்
சுங்கை சிப்புட்