மாந்தோப்புப் பொறி ஊசி ஈயைப் பிடிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவில் பழ ஈக்குப் பொறி வைப்பது பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த குறிப்பு பயனுள்ளது. ஆனால் பட்டுப்புழு வளர்ப்பு மனையில், புழுவைத் தாக்கும் ஊசி ஈக்கும் அதே இனக்கவர்ச்சிப் பொறியைத் தொங்கவிடலாம் என்று அதன் கடைசியில் இருந்த வரியை உடனே திருத்தி வெளியிட வேண்டும். வேப்பனப்பள்ளியிலிருந்து குப்பம், வி.கோட்டை வரை தமிழக–ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாந்தோப்பும் மல்பெரியும் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வரியை நம்பிப் பொறியை மாட்டினால் ஈ சாகாது, புழுதான் சாகும்.

மாம்பழ ஈயில் ஆணுக்கு, அந்தப் பொறியில் வைக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசப்பொருள் என்றால் உயிர். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பூச்சியியலாளர் ஹௌலெட், சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-லேயே எழுதிவிட்டார். அந்த எண்ணெயிலும் துளசியிலும் மெத்தில் யூஜினால் உண்டு. ஆண் ஈ அதை நக்கித் தின்று, உடம்புக்குள் வேறு பொருளாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்த்துக்கொள்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் மரத்தில் ஆளுக்கொரு இலையைப் பிடித்துக்கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து அந்த வாசத்தைப் பரப்பும். பெண் ஈ தேடி வருவது அந்த வாசத்துக்குத்தான். ஆக நாம் பொறிக்கான மரக்கட்டையில் ஊறவைப்பது இனக்கவர்ச்சிப் பொருளே அல்ல, அதைச் செய்ய ஆணுக்கு வேண்டிய தீனி. பொறியில் விழுவதும் அதனால் ஏறக்குறைய எல்லாம் ஆண்.

காயைக் குத்தி முட்டை வைப்பது பெண். ஒரே ஆண் பல பெண்களோடு கூடும் என்பதால், பாதி ஆண்களைக் கொன்றாலும் மிச்சமிருப்பவை போதும். அதனால்தான் ஒரு தோப்பில் மட்டும் நாலு பொறி மாட்டிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வதில் பொருளில்லை. பக்கத்துத் தோப்பில் கூடி முடித்த பெண் இங்கே பறந்து வந்து முட்டை வைத்துவிடும். பசிபிக்கில் ரோட்டா தீவில் 1960-களில் இந்த முறையாலேயே பழ ஈயை ஒழித்தார்கள். அது சுற்றிலும் கடல் சூழ்ந்த இடம். இங்கே ஊர் கூடி, பெங்களூரா ரக மாங்காய் முற்றுவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மாட்டினால்தான் எடுபடும். 5 செ.மீ. சதுர பிளைவுட் கட்டையை எத்தில் ஆல்கஹால் 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் பூச்சிக்கொல்லி 1 பங்கு கலந்த கரைசலில் 48 மணி நேரம் ஊறவைத்து, ஏக்கருக்கு 4 வீதம் நிழலான கிளையில் கட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் கட்டையை மாற்ற வேண்டும். விழுந்த பழத்தைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்காவிட்டால் இந்தச் செலவெல்லாம் வீண்.

ஊசி ஈ வேறு சாதி. மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூடுகளோடு 1980-ல் கர்நாடகத்துக்குள் நுழைந்து இங்கெல்லாம் பரவிய ஒட்டுண்ணி ஈ இது. மெத்தில் யூஜினால் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தக் குடும்பத்து ஈக்கள் பலவற்றில் ஆண் வெளிச்சமான இடத்தில் காத்திருந்து, பறக்கும் பெண்ணைக் கண்ணால் பார்த்துத் துரத்தும். ஈக்களில், எதிரே இருப்பது பெண்தான் என்று ஆணுக்கு உறுதிப்படுத்தும் வாசம் பெரும்பாலும் அதன் மேல்தோல் மெழுகில் இருக்கும். வீட்டு ஈயில் அப்படி ஒரு பொருளை 1971-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கனமான அந்த மெழுகு தொடும் தூரத்தில் வேலை செய்யுமே தவிர, காற்றில் தோப்பு முழுக்கப் பரவாது. ஆணை இழுத்து என்ன பயன் என்பதும் கேள்வி. மனைக்குள் நுழையும் பெண் பெரும்பாலும் கூடி முடித்துவிட்டு வருவது. அதை இழுப்பது புழுவின் வாசமும் எச்சத்தின் வாசமும்.

நாலாம், ஐந்தாம் வளர்ச்சிப் பருவப் பட்டுப்புழுவின் மடிப்பில் குண்டூசித் தலை அளவில் வெளுத்த ஈ முட்டை ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்து உள்ளே துளைத்த இடத்தில் கறுப்புத் தழும்பு தெரியும். சீக்கிரம் தாக்கினால் புழு கூடு கட்டாமலே சாகும். பின்னால் தாக்கினால் கூடு கட்டிய பிறகு ஈயின் புழு உள்ளிருந்து ஓட்டை போட்டு வெளியே வரும், அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது.

இப்போது அந்தக் கட்டையை மனையின் வாசலில் மாட்டினால் என்ன ஆகும்? மாலத்தியான் பட்டுப்புழுவுக்கு நஞ்சு. கட்டையைத் தொட்ட கையால் இலை போட்டாலே போதும். தோப்பில் மாட்டும்போதுகூடக் கையுறை போட்டு, மல்பெரி வரிசைக்கு ஒதுக்கமாகத்தான் மாட்ட வேண்டும்.

ஊசி ஈக்கு உள்ள வழி வேறு. சன்னல்களுக்கு வலை, வாசலில் இரட்டைக் கதவு, இவைதான் முதல் காவல். கடையில் கிடைக்கும் ஊசி ஈப் பொறி மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, சன்னல் அடிமட்ட உயரத்தில் உள்ளேயும் வெளியேயும் வைக்கலாம். நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவி ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடி அதன் ஓட்டுக்குள் முட்டை வைக்கும். 100 பட்டுப்புழு முட்டைத் தொகுதிக்கு ஒரு லட்சம் குளவி கணக்கு. நாலாம் பருவத்தில் 8,000, ஐந்தாம் பருவத்தில் 16,000, கூடு எடுத்த பிறகு 76,000.

அந்தக் கடைசித் தவணையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடு விற்றுப் பணம் வந்ததும் மனையைப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே வந்த ஈப் புழுக்கள் தரை விரிசலிலும் குப்பைக்குழி ஓரத்து மண்ணிலும் ஒரு நாளுக்குள் கூட்டுப்புழுவாகி, 10 முதல் 12 நாளில் ஈயாகப் பறக்கும். விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டு, குளவியைக் குப்பைக்குழி ஓரத்தில் விட வேண்டும்.

இப்படிக்கு,
மாவும் பட்டும் வளர்க்கும் வாசகர்கள்,
வேப்பனப்பள்ளி – குப்பம் எல்லை