மின்சாரம் தாக்கிப் பலி: எந்தப் பொருள் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வரும் ஒரு வகைச் செய்தி பற்றி எழுதுகிறேன். 'மின்சாரம் தாக்கிக் குடும்பஸ்தர் பலி' என்று தலைப்பு இருக்கும். இறந்தவரின் வயது, எத்தனை பிள்ளைகளின் தந்தை, எந்தக் கிராமம், எந்தப் பொலிஸ் பிரிவு, சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் இருக்கும். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர் என்ற வரியோடு செய்தி முடியும். மின்சாரம் எந்தப் பொருளின் வழியாக அவரைத் தாக்கியது என்பது மட்டும் இருக்காது. தண்ணீர் மோட்டரா, கிரைண்டரா, மேசை விசிறியா, வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சுடவைக்கும் கொயிலா? அதன் பிளக் எப்படிப்பட்டது? கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருந்ததா? செய்தியைப் படித்து முடித்த பிறகும் தெரியாது.

இது ஒரு சின்ன விடுபடலாகத் தெரியலாம். அதனால் என்ன நடக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் மின்னியல் படிப்பித்து ஓய்வுபெற்ற போதனாசிரியர். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்பு விதிகள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். திருகோணமலையில் இரவு ரயில் ஏறி, சீனக்குடா, கந்தளாய், கல்ஓயா என்று தூங்கியும் தூங்காமலும் போய், கொழும்புக் கோட்டையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போவேன். மேசையைச் சுற்றி அமைச்சு அதிகாரிகள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், ஆய்வுகூடத்தார், இறக்குமதியாளர்களின் பிரதிநிதிகள் இருப்பார்கள். எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள், பெரும்பாலும் நல்ல மனம் உள்ளவர்கள். ஒரு பொருளை நாட்டுக்குள் விடலாமா, விட்டால் என்ன சோதனை வேண்டும், பெட்டியில் என்ன எச்சரிக்கை எழுத வேண்டும், பழைய சரக்கை விற்று முடிக்க எவ்வளவு காலம் கொடுப்பது, இவைதான் பேச்சு. முடிவு எடுப்பவர் வேறு. ஆலோசகர் காரணம் சொல்லலாம், அவ்வளவுதான். காரணத்துக்குப் பின்னால் காகிதம் இருந்தால் அது நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள்.

இறக்குமதியாளர் தரப்பிடம் காகிதம் இருக்கும். வெளிநாட்டுச் சோதனை அறிக்கை, விலைப்பட்டியல், தடை வந்தால் எவ்வளவு சரக்கு தேங்கும் என்ற கணக்கு, எல்லாம் ஒழுங்காகக் கோவையில் வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்களின் வேலை. ஆனால் அடிபட்டவர் தரப்பிலிருந்து அந்த மேசைக்கு ஒரு தாளும் வருவதில்லை.

ஒரு கூட்டத்தில் நான் பேனா விடயத்தைச் சொன்னேன். நம் வீடுகளில் எல்லோரும் பார்த்ததுதான். 13 அம்பியர் பிளக் பேஸில் மேலே இருக்கும் நீண்ட துவாரம் எர்த் முள்ளுக்கானது. எர்த் முள் உள்ளே போனால்தான் கீழே உள்ள இரண்டு துவாரங்களின் மறைப்பு திறக்கும். சிறுபிள்ளை ஆணியையோ ஊசியையோ குத்தினாலும் உயிர்க்கம்பி எட்டக்கூடாது என்பதற்காக, 1947 இல் வந்த பிரித்தானியத் தரத்திலேயே செய்த ஏற்பாடு அது. நாங்கள் என்ன செய்கிறோம்? வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துவாரத்தில் பேனாவைக் குத்தி மறைப்பைத் திறக்கிறோம். அப்படிச் செருகிய முள் உள்ளே இறுக்கமாகப் பிடிக்காது. பிடிக்காத இடம் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். 13 அம்பியர் சதுர முள் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் அந்த இரண்டு முள் பிளக்கில் இல்லை. உலோக உடல் கொண்ட சாதனமாக இருந்தால், கசியும் கரண்டை நிலத்துக்குள் விடும் எர்த்தும் இல்லை.

மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முள்ளை நாட்டின் ஒரே தரமாக்கியது. மற்ற வகைப் பிளக்குகளின் இறக்குமதியும் உற்பத்தியும் 2017 முதலும், விற்பனை 2018 முதலும் நிறுத்தப்பட வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. அப்படியிருந்தும் எங்கள் நகரத்துக் கடைகளில், எந்த முள்ளையும் ஏற்கும் மல்டி பிளக்குகளும், இரண்டு முள் பிளக் பூட்டிய மலிவான சாதனங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. கோயில் திருவிழாக் காலத்தில் நடைபாதையில் விற்கும் சீரியல் பல்புகளைச் சொல்லவே வேண்டாம். வயர் தலைமுடி போல இருக்கும். பெட்டியில் ஏதாவது எச்சரிக்கை இருந்தாலும், அது இங்கே யாருக்கும் புரியாத மொழியில் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னபோது ஓர் அதிகாரி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: இதனால் எத்தனை பேர் அடிபட்டார்கள், தரவு இருக்கிறதா? கிழக்கிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த பத்திரிகை நறுக்குகளைக் காட்டினேன். உங்கள் பத்திரிகையில் வந்தவையும் அவற்றில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் பொருளின் பெயர் இல்லை. யானைக்கும் பன்றிக்கும் வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகக் கட்டும் மின்கம்பியில் பட்டு இறந்தவர்களாக இவர்கள் இருக்கலாம் அல்லவா என்றார். இருக்கலாம்தான். எங்கள் மாவட்டத்திலும் அப்படி உயிர்கள் போகின்றன. அது பொலிஸ் பார்க்க வேண்டிய குற்றம், பொருளின் குறை அல்ல. இரண்டையும் ஒரே தலைப்பில் ஒரே மாதிரி எழுதினால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த விடயம் அன்று அப்படியே மேசையை விட்டுப் போனது.

கொழும்பில் எழுதும் விதிக்கு எங்கள் மண் தெரிய வேண்டும் என்பதாலும் இதைச் சொல்கிறேன். இலங்கையில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனியாக எர்த் கம்பி புதைக்கிறோம். நிலாவெளி, குச்சவெளி, சல்லிப் பக்கம் தரை மணல். கோடையில் மணல் காய்ந்தால் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை ஏறிவிடும். அது 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ற்றை 100 ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். மோட்டரின் உடலில் கரண்ட் ஏறி நிற்கும்போது இந்த 2.3 அம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் அளவு மீறினால் இணைப்பை வெட்டும் 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. மோட்டரைத் தொடுகிறவரைக் காப்பது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். இனி, கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஆய்வுகூடத்தில் பளபளவென்று தேறிய பிளக் பேஸின் பித்தளை, உப்புவெளி வீட்டுச் சுவரில் சில வருடங்களில் பச்சை பிடிக்கும். வெங்காயத் தோட்டத்தில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று மோட்டர் போடுகிறவரின் ஆபத்தும், கொழும்பில் மாடி வீட்டில் செருப்போடு நின்று ரிவி போடுகிறவரின் ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் விதி ஒன்று.

பொருளின் பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி உண்டு. 2021 நவம்பரில் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்தபோது பத்திரிகைகள் வெறுமனே 'தீ விபத்து' என்று எழுதவில்லை. சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், அடுப்பின் கண்ணாடி என்று எழுதின, படம் போட்டன. ஊர் ஊராக அதே மாதிரி வந்ததும் மறைக்க முடியவில்லை. ஜனாதிபதி நிபுணர் குழு அமைத்தார். காஸில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று குழு சொன்னது. அந்தச் செய்திகள் 'தீக்காயத்தில் பெண் பலி' என்ற பழைய பாணியில் வந்திருந்தால் அந்தக் கலவையை யார் தேடியிருப்பார்கள்?

அதற்கும் முன்னால் வைத்தியர் விஜய கொடகும்புர. ஆஸ்பத்திரிக்கு வரும் தீக்காயக்காரரை வெறும் தீக்காயக்காரராகப் பார்த்துவிட்டு அவர் விடவில்லை. எதனால் எரிந்தது என்று பார்த்தார். தட்டினால் உருண்டு எண்ணெய் கொட்டும் குப்பி விளக்குத்தான் காரணம் என்று கண்டார். மார்மைற் போத்தல் போலக் குட்டையாக, கனத்த கண்ணாடியில், விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு 'சுதீபா' விளக்கைச் செய்வித்தார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. யுத்த காலத்தில் கரண்ட் இல்லாத எங்கள் மாவட்டக் கிராமங்களில் குப்பி விளக்கோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். நோயாளியின் அட்டையில் 'தீக்காயம்' என்பதோடு நிறுத்தியிருந்தால் அந்த விளக்கு பிறந்திருக்காது.

வெளிநாட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1972 சட்டத்தின் மூலம் வந்த நுகர்வோர் பொருட்பாதுகாப்பு ஆணைக்குழு, சுமார் 100 வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து, யார் எந்தப் பொருளால் காயப்பட்டார் என்ற பதிவைப் பெறுகிறது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ ஒரு வீட்டின் பிரிட்ஜில் தொடங்கியது என்று கண்டு, பத்து நாள் ஆவதற்குள் அதன் மாடல் இலக்கத்தைப் பொலிஸாரே வெளியிட்டார்கள், அதே மாடல் வைத்திருப்பவர்கள் உஷாராகட்டும் என்று.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது, 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டை, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பழுதான அரிசிக்கு அது சரி. மல்டி பிளக் மூன்று மாதத்தில் உருகாது, மூன்று வருடத்தில் உருகும். அப்போது பற்றுச்சீட்டும் இருக்காது, விற்ற நடைபாதைக் கடையும் இருக்காது. ஆகவே தனி ஆளின் முறைப்பாட்டை நம்பி இருக்க முடியாது. வேறு கண்கள் வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையில் பொருளின் பெயர் வர வேண்டும், வைத்தியசாலைப் பதிவில் வர வேண்டும். அதற்கெல்லாம் சுற்றறிக்கை, படிவம், அனுமதி என்று காலம் எடுக்கும். அதற்காக எழுதவேண்டியவர்களுக்குத் தனியாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பத்திரிகைக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. நாளைய இதழிலேயே தொடங்கலாம்.

உங்கள் பிரதேசச் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். என்ன சாதனம், பிளக் இரண்டு முள்ளா மூன்று முள்ளா, ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, இருந்தால் விழுந்ததா என்று கேட்கட்டும். உயிர் தப்பியவரின் செய்தி என்றாலும் கேட்கட்டும், அவரே சொல்லுவார். சட்டவிரோதக் கம்பி என்றால் அதையும் தெளிவாக எழுதட்டும். கம்பெனியின் பெயரைப் போட்டால் வழக்கு வரும் என்ற பயம் நியாயமானது. பெயர் வேண்டாம், 'இரண்டு முள் பிளக் பூட்டிய மேசை விசிறி' என்று எழுதினால் போதும். கம்பெனியும் மாடல் இலக்கமும் அதிகார சபைக்குப் போகட்டும். செத்த வீட்டில் இதைக் கேட்பது எப்படி என்று ஒரு செய்தியாளத் தம்பி என்னிடம் மனம் வருந்திக் கேட்டார். அன்று அந்த அம்மாவிடம் கேட்க வேண்டாம். கிராம சேவகரிடம் கேட்கலாம், முதலில் ஓடிவந்து மெயின் சுவிட்சை நிறுத்திய அயலவரிடம் கேட்கலாம். அந்தச் சாதனத்தை யாரும் எறிந்துவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லலாம். பெரும்பாலும் எட்டுச் செலவுக்கு வீடு துப்புரவாக்கும்போது அது குப்பைக்குப் போய்விடுகிறது, அதோடு சாட்சியும் போய்விடுகிறது.

திருகோணமலை, மூதூர், கிண்ணியா, குச்சவெளிச் செய்தியாளர்கள் ஒரு பிற்பகல் ஒதுக்கினால், உருகிய பிளக்குகளையும் மல்டி பிளக்குகளையும் கழற்றிக் காட்டி, எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நான் தயார். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதையும் அங்கேயே காட்டுவேன். இடத்தை நீங்கள் ஒழுங்கு செய்தால் சாமான்களை நான் கொண்டு வருகிறேன். என் முகவரி தனித்தாளில் இருக்கிறது, அதைப் பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை மின்னியல் போதனாசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.